ஓநாய்க்குப் பயந்து நாய் வளர்த்தோம்

நான் பயந்தாங்கொள்ளி. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் கிடையாது. ஃப்ரீவேயில் நுழையும்போது பயம், லிஃப்ட் ஒரு நொடி நின்றால் பயம், போனில் தெரியாத நம்பர் வந்தால் பயம். பிளசன்டனில் இருபது வருடத்துக்கு மேல் குடியிருந்தும், எதிரே யாராவது நாயைப் பிடித்துக்கொண்டு வந்தால் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவேன். அந்த நாய் முயல் அளவுக்குத்தான் இருக்கும், ஸ்வெட்டர் வேறு போட்டிருக்கும். இருந்தாலும் கடப்பேன். இப்படிப்பட்ட ஒருத்தியைக் கூட்டிக்கொண்டுபோய் ஓநாய் நடமாடும் மலையடிவாரத்தில் குடிவைத்தவர் என் வீட்டுக்காரர். இதற்கு மறுமையில் உங்களுக்குக் கேள்வி இருக்கு மச்சான் என்று வாரம் ஒரு முறையாவது அவரிடம் சொல்லிவிடுவேன்.

அவர் வங்கி ஒன்றில் சாஃப்ட்வேர் வேலை பார்த்தவர். ஒரு நாள் அவருடைய டீமையே மூடிவிட்டார்கள். எல்லோரும் அடுத்த வேலைக்கு அப்ளை பண்ணிக்கொண்டிருந்தபோது இவர் ஆடு வளர்ப்பது எப்படி என்று வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். ஹஜ்ஜுப் பெருநாள் வந்தால் எங்கள் ஜமாத்துக் குடும்பங்கள் தூரத்தில் ஏதாவது பண்ணைக்குப் போய் வரிசையில் நின்று, கிடைத்த ஆட்டைக் குர்பானி கொடுத்துவிட்டு வருவது வழக்கம். ஒவ்வொரு வருடமும் அந்த ஆடுகளைப் பற்றி இவருக்குக் குறை. ஒன்று நொண்டுகிறதாம், ஒன்றுக்கு இன்னும் பால்பல்லே விழவில்லையாம், குர்பானிக்கு வயசு பத்தாதாம். "நாமளே வளர்த்தா என்ன?" என்றார். எங்கள் இரண்டு குடும்பத்திலும் ஆடு என்றால் பிரியாணி என்பதற்கு மேல் யாருக்கும் ஒன்றும் தெரியாது. அவருக்கு அது ஒரு தடையாகவே தோன்றவில்லை.

பிளசன்டனிலிருந்து வடகிழக்கே நாலு மணிநேரம் டிரைவ். இரண்டு பக்கமும் பைன் மரக் காடு ஏறிய மலை, நடுவே காய்ந்த புல்வெளி, அதில் ஒரு பழைய மர வீடு, ஒரு கொட்டகை, கம்பிவேலி போட்ட பட்டி. சுற்றி இருக்கிற பண்ணைகளில், அங்கே ராஞ்ச் என்பார்கள், எல்லாம் மாடுதான். வெள்ளாடு வைத்திருந்தது நாங்கள் மட்டும். நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவள், சாஃப்ட்வேர் டெஸ்டிங். மற்றவர்கள் எழுதியதில் என்னென்ன தப்பு நடக்கலாம் என்று முன்கூட்டியே பயப்படுவதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். அதனால் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நானும் அங்கே போய்விட்டேன். இவரைத் தனியாக விட்டுவிட்டு பிளசன்டனில் இருந்து பயப்படுவதைவிட, பக்கத்தில் இருந்தே பயப்படலாம் என்று தோன்றியது.

நிலம் வாங்கும்போது ஓநாயைப் பற்றி யாரும் பேசவில்லை. பல தலைமுறையாக அந்தப் பக்கம் ஓநாயே கிடையாதாம். பிறகு வடக்கே இருந்து அதுகளே நடந்து திரும்பி வந்திருக்கின்றன. எங்கள் பக்கத்துக்கு அதுகளைக் கூப்பிட்டது யார் என்று கேட்டால், நாங்கள்தான்.

முதல் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஜமாத்திலிருந்து வேன் வேனாக வந்தார்கள். புல்வெளியில் பாய் விரித்துத் தொழுகை, பிறகு குர்பானி, பிறகு ஈரல் வறுவல். பிள்ளைகள் வைக்கோல் மேல் ஏறிக் குதித்தன. கொடுத்த ஆட்டின் மிச்சத்தைக் கண்ட இடத்தில் போடக் கூடாது, மண்ணில் புதைக்க வேண்டும் என்பது எங்களுக்குச் சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்த ஒழுங்கு. ஆம்பிளைகள் மண்வெட்டியோடு கிளம்பினார்கள். எல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பழகிய உடம்பு. அந்தக் கோடை மாதத்தில் அங்கே தரை பாறையாகக் கிடக்கும். முழங்கால் ஆழம் வந்ததும் ஆளாளுக்கு மூச்சு வாங்கியது. "போதும் காக்கா, மண்ணைப் போட்டுத்தானே மூடப் போறோம்," என்றார் ஒருவர், மூத்தவரைப் பார்த்து. குடல், தலை, தோல் எல்லாவற்றையும் போட்டு மூடி, மேலே நாலு கல்லையும் வைத்து, கையைக் கழுவிவிட்டு பிரியாணி சாப்பிட உட்கார்ந்தார்கள். ஒழுங்காக ஒரு வேலையை முடித்த திருப்தி எல்லார் முகத்திலும் இருந்தது.

ஒரு வாரத்தில் குழி திறந்து கிடந்தது. கற்கள் தனியாக உருண்டு கிடந்தன. தோல்களைப் புல்வெளி நெடுக ஏதோ ஒன்று இழுத்துப் போட்டிருந்தது. குள்ளநரி மாதிரி ஏதாவது இருக்கும் என்றார் இவர். மண்ணில் பதிந்திருந்த காலடியைப் பார்த்தேன். அதன் மேல் என் கையை வைத்தேன். என் உள்ளங்கை அதற்குள் அடங்கிப்போனது.

பக்கத்து ராஞ்ச் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினோம். பக்கத்து என்றால் இரண்டு மைல். எழுபது வயதைத் தாண்டியவர், மாடு வளர்க்கிறவர், தனி ஆள். டிரக்கை விட்டு இறங்கிக் குனிந்து பார்த்தார். ஓநாய்தான் என்று சொல்லிவிட்டு எங்கள் இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்தார். அடுத்த வாரம் அவருடைய கன்று ஒன்று போனது. நேரே எங்கள் வாசலில் வந்து நின்று கத்தினார். நான் கதவுக்குப் பின்னால் நின்றபடி சாரி சொன்னேன்.

வனவிலங்கு ஆபீசர் வந்து கையுறை மாட்டிக்கொண்டு எங்கள் குழியைக் கிளறினார், அளந்தார், போட்டோ எடுத்தார். பிறகு அந்த அம்மாவிடம், செத்துப்போகிற மாடுகளை நீங்கள் எங்கே போடுகிறீர்கள் என்று கேட்டார். அந்த அம்மா மலைப் பக்கம் கையைக் காட்டினார். போய்ப் பார்த்தால் அங்கே ஒரு எலும்புக் குவியல். நீங்கள் இரண்டு பேருமாகச் சேர்ந்து விருந்து வைத்திருக்கிறீர்கள் என்றார் ஆபீசர். அன்றைக்குப் பிறகு அந்த அம்மாவும் நானும் சிநேகிதமாகிவிட்டோம். இரண்டு இடத்தையும் சுத்தம் செய்தோம். ஆனால் ருசி கண்ட பூனை உறிக்கு உறி தாவும் என்பார்கள். ஓநாய் மட்டும் என்ன, சும்மாவா இருக்கும்? சட்டப்படி சுடக் கூடாது, பொறி வைக்கக் கூடாது. சத்தம் போடலாம். அவ்வளவுதான்.

கோடை முடிவதற்குள் மூன்று ஆடு போனது. ஒன்றை நான்தான் முதலில் பார்த்தேன். காலையில் தேநீர்க் கோப்பையோடு ஜன்னல் திரையை விலக்கினேன். வேலிக்கு வெளியே ஏதோ துணி கிடக்கிறது என்று நினைத்தேன். அதற்கு மேல் எழுத விருப்பமில்லை. நாலாவது ஆடு எப்படியோ தப்பித்து வந்தது, ஒரு காதில் பாதியைக் காணோம். காது கிழிந்த ஆடு குர்பானிக்கு ஆகாது. ஓநாயிடமும் தப்பியது, எங்களிடமும் தப்பியது. அந்த வட்டாரத்திலேயே கவலையில்லாமல் புல் மேய்ந்த ஒரே உயிர் அதுதான்.

ஆபீசர் சொன்னபடி வேலியைச் சுற்றிக் கயிறு கட்டி அதில் சிவப்புத் துணிகளைத் தொங்கவிட்டோம். காற்றில் அது ஆடினால் ஓநாய் கிட்டே வராதாம். எங்கள் ஊர் தர்காக் கந்தூரிக்குத் தோரணம் கட்டியது போல் இருந்தது. கொஞ்ச நாள் வேலை செய்தது. பிறகு அதுகளுக்குப் பழகிவிட்டது. எனக்குத்தான் பழகவில்லை. அந்தத் துணிகள் படபடத்தாலே ஜன்னலுக்கு ஓடினேன். வாசலிலிருந்து என் வேனுக்குப் போகும் அந்தப் பத்துப் பதினைந்து அடிக்கு இரும்புக் கரண்டியை எடுத்துக்கொண்டு போனேன். மர நிழல் அசைந்தால் ஓநாய், வைக்கோல் கட்டு கிடந்தால் ஓநாய். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பதை நான் ஒரு பழமொழியாக மட்டும் கேட்டுப் பழகியிருந்தேன். ஜெர்சி சிட்டியில் இருக்கும் என் மகனிடம் போனில் புலம்பினால் அவன், "உம்மா, டெக்னிக்கலா அது அவங்க இடம். நீங்கதான் உள்ள போய் உக்காந்திருக்கீங்க," என்றான். ஆடு நனையுதே என்று ஓநாய் அழுத கதையைக் கேட்டிருக்கிறேன். ஓநாய்க்காக நான் பெற்ற பிள்ளை அழுவதை அன்றைக்குத்தான் கேட்டேன்.

அப்புறம் நாய் வந்தது.

ராஞ்ச் வாங்கிய அன்றே நான் ஒரே ஒரு கண்டிஷன் போட்டிருந்தேன், நாய் வரக் கூடாது. நாங்கள் ஷாஃபி மத்ஹபு என்கிற சட்டப் பிரிவு. நாயின் எச்சில் பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண்ணால். சின்ன வயதில் தெருநாய் என் பாவாடையை நக்கிவிட்டது என்று உம்மா என்னைக் கிணற்றடியில் நிறுத்தி மண்ணைப் போட்டுத் தேய்த்தது இன்னும் தோலில் இருக்கிறது. மந்தையைக் காக்க நாய் வைத்துக்கொள்ள மார்க்கத்தில் அனுமதி இருக்கிறது என்று இவர் எனக்கு எடுத்துச் சொன்னார். எனக்கும் தெரியும். அனுமதி இருந்தால் கால் நடுக்கம் நின்றுவிடுமா? "நாய் வந்தா நான் பிளசன்டனுக்குப் போயிடுவேன்," என்றேன். மூன்றாவது ஆடு போன பிறகு இவர் என்னிடம் கேட்கவில்லை. டிரக்கின் பின்பக்கத்தைத் திறந்தார். நான் உள்ளே ஓடிப்போய்த் தாழ்ப்பாள் போட்டேன்.

வெள்ளை நிறம், கன்றுக்குட்டி அளவு. ஆட்டுக்குட்டிகளோடு பிறந்து ஆட்டுக்குட்டிகளோடு வளர்ந்தவன். மனிதர்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. பட்டியை ஒரு சுற்று சுற்றினான், ஒவ்வொரு ஆட்டையாக முகர்ந்தான், வாசலில் போய்ப் படுத்தான். இவர் அவனைத் தம்பி என்று கூப்பிட்டார். நான் கூப்பிடவே இல்லை. இவர் வெளியே போகிற நாட்களில் சாப்பாடு வைக்கிற வேலை என் தலையில் விழுந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்றபடி, நீளக் குச்சியால் தட்டை உள்ளே தள்ளிவிட்டு ஓடி வந்துவிடுவேன். "நாயைப் பார்த்தும் ஓடுற, ஓநாயைப் பார்த்தும் ஓடுற. ஒரு பக்கமாவது நில்லு புள்ள," என்று இவர் சிரித்தார். ஓநாய்கள் கூட்டமாக வந்தால் ஒரு நாய் தாங்காது, இரண்டு மூன்று வேண்டும் என்று ஆபீசர் சொல்லியிருந்தார். அடுத்த நாய்க்குச் சொல்லிவைத்திருந்தோம். குளிர்காலம் முடிந்துதான் வரும் என்றார்கள்.

ஆபீசர் சொன்ன அந்த நாள் குளிர்காலத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது. இவருக்கு பிளசன்டனில் டாக்டர் அப்பாயின்ட்மென்ட். சுப்ஹு தொழுதுவிட்டு டிரக்கில் கிளம்பினார். பக்கத்து ராஞ்ச் அம்மா மாடு விற்க வேறு ஊர் போயிருந்தார். காலையிலிருந்தே மூடுபனி. பனியில் வெளியே போகக் கூடாது என்று ஆட்டுக்குத் தெரியாதா, எல்லாம் பட்டிக்குள்ளேயே நின்றன. நான் சமையலறை மேஜையில் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தேன்.

நாய் குரைத்தான். அது தினமும் நடப்பது. குரைப்பு சட்டென்று நின்றபோதுதான் எழுந்தேன். ஜன்னலுக்குப் போனேன். ஆடுகள் எல்லாம் ஒரே மூலையில், ஒன்றன் மேல் ஒன்று ஏறி நெருக்கிக்கொண்டு நின்றன. வேலியின் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அந்த இடைவெளியில் வெள்ளையும் சாம்பலுமாக ஏதோ உருண்டது. இன்னும் இரண்டு சாம்பல் உருவங்கள் பனிக்குள் சுற்றிச் சுற்றி வந்தன. இரண்டா மூன்றா என்று எண்ண முடியவில்லை. அதுகளிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை.

நான் அலறினேன். மீட்டிங்கில் இருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது. குக்கர் மூடியை எடுத்து ஜன்னல் கம்பியில் அடித்தேன். வேன் சாவி கண்ணில் பட்டது. அதிலுள்ள சிவப்புப் பட்டனை அழுத்தினேன். வாசலில் நின்ற வேன் பாம் பாம் என்று அலறி விளக்கை மின்னியது. சாம்பல் உருவங்கள் பனிக்குள் கரைந்தன.

அவன் நின்றுகொண்டிருந்தான். கழுத்துக்குக் கீழே வெள்ளை முடியெல்லாம் சிவப்பு, தோளிலும் சிவப்பு. சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது.

இவருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. பக்கத்து அம்மா எடுக்கவில்லை. ஆபீசருக்கு வாய்ஸ் மெசேஜ் விட்டேன். கால்நடை டாக்டரின் கிளினிக்கில் ஒரு பெண் எடுத்தாள். டாக்டர் எங்கேயோ மாடு கன்று போடுகிற இடத்துக்குப் போயிருக்கிறார், நாயை இங்கே கொண்டு வாருங்கள், அதுவரை சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள், கையை மட்டும் எடுக்காதீர்கள் என்றாள். நாயைக் கொண்டு வாருங்கள் என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்.

வேனைப் பின்னால் எடுத்துப் பட்டியின் கேட்டுக்கு நேராக நிறுத்தினேன். பின்கதவைத் திறந்தேன். பிஸ்மி சொல்லிக்கொண்டு கேட்டுக்குள் போய், வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு நாயின் கழுத்துப் பட்டையைப் பிடித்தேன். அவன் கடிக்கவில்லை. என்னோடு நாலு அடி நடந்தான். வேனின் வாசல் வரை வந்தவன், திரும்பி மூலையில் நின்ற ஆடுகளைப் பார்த்தான். பட்டையோடு என்னையும் இழுத்துக்கொண்டு அங்கேயே போய் நின்றுவிட்டான்.

மறுபடி இழுத்தேன். உட்கார்ந்துவிட்டான். பிரிட்ஜிலிருந்த இறைச்சியைக் கொண்டு வந்து வேனுக்குள் வைத்தேன். முகர்ந்தும் பார்க்கவில்லை. "வாடா, செத்துப் போயிடுவ, வந்து தொலைடா," என்று அழுதுகொண்டே கெஞ்சினேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலே எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். நானும் திரும்பிப் பார்த்தேன். பனி கொஞ்சம் விலகியிருந்தது. சரிவில், ஒரு கல் எறிகிற தூரத்தில், ஒரு ஓநாய் உட்கார்ந்திருந்தது. உடைந்த வேலியைப் பார்த்தபடி, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போல, அவசரமே இல்லாமல்.

நான் ஓடிப்போய் வேனுக்குள் ஏறி எல்லாக் கதவையும் லாக் பண்ணிக்கொண்டேன்.

அப்போதுதான் இவர் கூப்பிட்டார். திக்கித் திக்கிச் சொன்னேன். "நீ எங்க இருக்க? வேன்லயா? அங்கேயே இரு. கதவைத் திறக்காத. ஆடு போனா போகட்டும், தம்பி போனா போகட்டும். நான் கிளம்பிட்டேன், வந்துடறேன்," என்றார். நாலு மணிநேர தூரத்தில் இருக்கிற மனிதர் வந்துடறேன் என்று சொல்கிறார். சரி என்றேன். போனை வைத்தேன். கண்ணாடி வழியாக அவனைப் பார்த்தேன். முன்னங்கால் மடங்கி விழப்போனான். சமாளித்து நிமிர்ந்தான். மறுபடி மடங்கியது. கழுத்திலிருந்து சொட்டியது இப்போது ஒழுகியது. கையை எடுக்காதீர்கள் என்று அந்தப் பெண் சொன்னாளே, வைப்பதற்கு அங்கே எந்தக் கை இருக்கிறது?

கதவைத் திறந்து இறங்கினேன். தைரியம் வந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். போனையும் சாவியையும் சீட்டிலேயே மறந்துவிட்டு இறங்கினேன் என்றால் என் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். கேட்டை உள்பக்கமாகச் சாத்திக்கொண்டு, துப்பட்டாவைச் சுருட்டி அவன் கழுத்தில் வைத்து, இரண்டு கையாலும் அழுத்தினேன். துணியைத் தாண்டி வெதுவெதுப்பு என் விரலுக்கு வந்தது. அவன் ஒரு முறை நடுங்கினான். நானும் நடுங்கிக்கொண்டிருந்ததால் யாருடைய நடுக்கம் எது என்று தெரியவில்லை.

முதலில் அவன் நின்றான், நான் முழங்காலில் நின்றேன். பிறகு அவன் உட்கார்ந்தான், நானும் மரத்தூணில் சாய்ந்து உட்கார்ந்தேன். பிறகு அவன் படுத்தான். பின்னால் ஆடுகள் என் முதுகை நெருக்கிக்கொண்டு மூச்சுவிட்டன. ஆயத்துல் குர்ஸி ஓதினேன், நடுவில் மறந்துபோனது, முதலிலிருந்து ஓதினேன், மறுபடியும் மறந்தேன். உடுப்பெல்லாம் அவன் ரத்தம், அவன் எச்சில். லுஹர் தொழுகை நேரம் வந்தது, போனது. அல்லாஹ்வுக்கு என் நிலைமை தெரியும் என்று சொல்லிக்கொண்டேன்.

ஓநாய் எழுந்து கொஞ்ச தூரம் இறங்கி வந்து மறுபடி உட்கார்ந்தது. இன்னொன்றும் வந்து அதன் பக்கத்தில் நின்றது. படுத்திருந்தாலும் நாயின் கண் அதுகளை விடவில்லை. வந்த நாளிலிருந்து அவன் பகலில் கண்ணை முழுக்க மூடி நான் பார்த்ததில்லை. ஒரு காதாவது மலைப் பக்கம் திரும்பியிருக்கும். இப்போதும் அப்படித்தான் கிடந்தான். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி என் முகத்தைப் பார்த்தான். அத்தனை மாதத்தில் அவன் என்னைப் பார்த்தது அதுதான் முதல்முறை. அந்தப் பெரிய தலையைத் தூக்கி என் மடியில் வைத்தான். இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டான்.

செத்துவிட்டான் என்றே நினைத்தேன். "டேய், டேய்," என்று கத்தினேன். மூக்கருகே புறங்கையை வைத்துப் பார்த்தேன். சூடாக மூச்சு வந்தது. கொஞ்ச நேரத்தில் குறட்டையும் வந்தது. தூங்கிவிட்டான். கண்ணுக்கு எதிரே ஓநாய் உட்கார்ந்திருக்க, காவலுக்கு வேறு ஆள் வந்தாயிற்று என்று தூங்கிவிட்டான். அட பாவி, யாரை நம்பிடா தூங்கற? பிளசன்டன் தெருவில் ஸ்வெட்டர் போட்ட நாய்க்கு வழிவிட்டு நடந்தவளையா? எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவ்வளவு பயத்தை நான் அதற்கு முன்னால் அனுபவித்ததில்லை. அதுவரை பயமெல்லாம் எனக்கு என்ன ஆகுமோ என்பதுதான். இப்போது இவனும் இந்த ஆடுகளும் என் கணக்கில் வந்து சேர்ந்துவிட்டார்கள்.

முன்னால் இருந்த ஓநாய் எழுந்தது. உடைந்த வேலியை நோக்கி நடந்தது. ஓடவில்லை, நடந்தது.

வேன் சாவி சீட்டில். குக்கர் மூடி வீட்டில். எழுந்தால் துணி நழுவும். ஒரு கையை எடுத்தால்கூட ரத்தம் பொங்குகிறது, முயன்று பார்த்துவிட்டேன். கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். காலையிலிருந்து கத்திய தொண்டையில் பேச்சு வரவில்லை. அடிவயிற்றிலிருந்து ஏதோ ஒரு சத்தம் கிளம்பி வந்தது. வவ் என்று வந்தது. நான் குரைத்தேன். ஓநாய் நின்றது. தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது. நான் மறுபடி குரைத்தேன், விடாமல் குரைத்தேன், எச்சில் தெறிக்கக் குரைத்தேன். அது திரும்பிச் சரிவில் ஏறிப் பழைய இடத்தில் உட்கார்ந்தது. மடியில் கிடந்தவன் ஒரு காதை அசைத்தான், கண்ணைத் திறக்கவில்லை.

அது திரும்பத் திரும்ப வந்தது. ஒவ்வொரு முறையும் நான் குரைத்தேன். எத்தனை முறை என்று எனக்குத் தெரியாது. பனி மறுபடி இறங்கி ஓநாய் கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகு, வந்தாலும் வராவிட்டாலும் குரைத்தேன்.

மாலையில் கிளினிக்கில் தையல் போட்ட டாக்டர், துணியை எடுத்திருந்தால் இவன் இல்லை என்றார். இவர் அதைக் கேட்டுத் தலையாட்டினார், ஆனால் அவர் கவனம் அங்கே இல்லை. வழியெல்லாம் எனக்குப் போன் போட்டு, யாரும் எடுக்காமல், என்னவெல்லாமோ நினைத்துக்கொண்டு ஓட்டி வந்திருக்கிறார். பட்டிக்குப் பக்கத்தில் டிரக்கை நிறுத்தியவர் முதலில் வேனைத்தான் பார்த்திருக்கிறார். கதவு திறந்து கிடக்கிறது, உள்ளே நான் இல்லை. பிறகு பனிக்குள்ளிருந்து நாய் குரைக்கிற சத்தம் கேட்டிருக்கிறது. சரி, தம்பியாவது உயிரோடு இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டே கேட்டருகே வந்து எட்டிப் பார்த்திருக்கிறார். நாய் தூங்கிக்கொண்டிருந்தான். அவர் வந்து நின்றதே எனக்குத் தெரியாது. நான் குரைத்துக்கொண்டிருந்தேன்.